தாங்குகிறவன்

குலசேகரம் சந்தையில் என் பெயர் செம்பரத்தி.
அரை கிளாஸ் போதும் எனக்கு.
காதில் தொடங்கும், கழுத்துக்கு இறங்கும்,
நெஞ்சுக்குள் யாரோ சைக்கிள் பம்பு அடிப்பார்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள் ரப்பர் தோட்டத்தில்
அளியன்மார் சுற்றி நிற்க
குடித்ததையும், தின்ற மரச்சீனியையும் மீன்கறியையும்
மரத்தில் கட்டியிருந்த சிரட்டைக்குள்ளேயே கொட்டினேன்,
பாலோடு சேர்த்து.
"ஆம்பளைக்கு இப்பிடியாலே செவக்கும்?"
என்று சிரித்தவன் ஜஸ்டஸ், மேபலின் அண்ணன்.
சிரித்துக்கொண்டே தோளில் தூக்கிப் போட்டு
மழையில், அட்டை கடிக்க,
என்னை வீடு சேர்த்தவனும் அவன்தான்.
ஏழு கிளாஸுக்குப் பிறகும் அவனுக்குக் கால் பிசகவில்லை.
"ஜஸ்டஸ் தாங்குவாம்லே" என்றார்கள்.
காலேஜ் பட்டம்போல் இருந்தது கேட்க.

பழகிவிடும் என்றார்கள்.
பழகிப் பார்த்தேன்:
நாலு ஓணம், மூன்று கிறிஸ்துமஸ், ஒரு பஞ்சாயத்துத் தேர்தல்.
சோடாவில் கலந்து, மோரில் கலந்து,
ஒருமுறை நேந்திரம்பழம் ரெண்டை விழுங்கி
அதன்மேல் ஊற்றி.
முகம் மட்டும் பழக மறுத்தது.

விட்டேன்.
விட்டேன் என்பதே பெரிய வார்த்தை.
ஆனால் போதகர் கேட்டபோது எழுந்து நின்று
சாட்சி சொன்னேன்:
கர்த்தர் என்னைக் குடியிலிருந்து விடுவித்தார்.
பெண்கள் பக்கம் மேபல் கண்ணைத் துடைத்தாள்.
கடைசி பெஞ்சில் ஜஸ்டஸ்
சிரிப்பை அடக்கப் பாட்டுப்புத்தகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பதினெட்டு வருஷம் கழித்து
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு.
பயிற்சி டாக்டர், மயிலாடிக்காரப் பெண்.
நான் பால்வெட்டுக்காரன் என்று அறிந்ததும்
மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில்
ரெண்டு வாளி வரைந்தாள்.
"ஈரல்ல ரெண்டு வேலையாள் உண்டு, அண்ணே.
ஒருத்தன் வெட்டுறவன்.
சாராயத்தை வேறொண்ணா மாத்தி வாளியில ஊத்துவான்.
அந்த வேறொண்ணுதான் வெஷம்.
ரெண்டாமத்தவன் அதை ஒறைய வச்சு
ஷீட் அடிச்சு வெயில்ல போடுறவன்.
ஒங்களுக்கு முதலாளு ரொம்ப வேகமோ
ரெண்டாமாளு மெதுவோ,
ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிப் பாத்தாத்தான் தெரியும்.
எப்பிடியோ வாளி நெறஞ்சு வழியுது.
வழியுறதுதான் முகத்துல தெரியுது."

"இவனுக்கு?"

"ரெண்டு பேரும் நல்ல வேலைக்காரங்களா இருந்திருப்பாங்க."
பேனாவை மூடினாள்.
"நிறுத்துண்ணு சொல்ல உள்ள ஆளில்ல."

அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.
நான் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்பன் வழியோ அம்மை வழியோ
எனக்குள் வந்து உட்கார்ந்த ஒரு சோம்பேறியை
சபை நடுவே கர்த்தர் என்று சொல்லியிருக்கிறேன்.
அந்தச் சோம்பேறியை அனுப்பியதே அவர்தானோ,
அதுவும் தெரியாது.
அப்படியென்றால் ஜஸ்டஸுக்கு ஏன் அனுப்பவில்லை
என்று கேட்கவேண்டி வரும்.

சாயங்காலம் அவன் கண் திறந்தான்.
வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில்
வருக்கைச் சக்கைச் சுளையின் நிறம்.
இத்தனை வருஷம் வாய் திறக்காத மஞ்சள்.
"செம்பரத்தி, கக்கூசுக்குக் கொண்டு போலே."

தோளில் தாங்கி எழுப்பினேன்.
கை கால் எல்லாம் கப்பைக் கம்பு.
வயிற்றில் மட்டும் ரெண்டு குடம் தண்ணீர்
ஒவ்வொரு எட்டுக்கும் தளும்பியது.
பாதி வராந்தாவில், சுவரைப் பிடித்து நின்று,
மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்:
"அண்ணைக்குச் சபையில சொன்னியே, நெசமாலே?"

ஒரு துளி குடிக்காமல்
சிவந்தேன்.
காதில் தொடங்கியது,
கழுத்துக்கு இறங்கியது.
அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.